ரிப்பேர் முடிந்து வந்த வண்டி கிளம்பாவிட்டால்...



நமது இதழில் வரி, உரிமம், எடைக்கல் முத்திரை பற்றியெல்லாம் அறிந்தவர்கள் எழுதுகிறார்கள். நாம் எழுதப் போவது அவ்வளவு பெரிய விஷயம் அல்ல. பட்டறையிலிருந்து ரிப்பேர் முடிந்து வந்த பழைய சரக்கு வண்டி மறுநாள் காலை கிளம்பாமல் நின்றுவிட்டால் ஒரு வியாபாரி என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதுதான். செய்யக் கூடாததை எல்லாம் வரிசையாக நாமே செய்து பார்த்தவர் என்ற தகுதி ஒன்று போதும் என்று நினைத்து எழுதுகிறோம்.

2019ஆம் ஆண்டு பொங்கலுக்கு முந்தைய வாரம். அந்த ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்திருந்தது. காகிதப் பைக்கும் துணிப் பைக்கும் அலைந்துகொண்டிருந்த நேரம் அது என்பது மளிகைக் கடைக்காரர்களுக்கு நினைவிருக்கும். அரசு கொடுத்த பொங்கல் தொகுப்பில் பச்சரிசியும் சர்க்கரையும் இருந்தன, வெல்லம் இல்லை. ஆகவே வெல்லம் முழுவதும் நம் கடைகளில்தான் விற்றாக வேண்டும். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை வட்டாரத்துச் சில்லறைக் கடைகள் நம்மிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தன. சித்தூர் மண்டியில் இரண்டு டன் வெல்லத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வண்டி போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று ஏற்பாடு.

நமது வண்டி 1998இல் வாங்கிய டாடா 407. இந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. எண்பதுகளில் ஜப்பான் கூட்டோடு டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி என்று சிறு லாரிகள் வரிசையாக வந்தன. அவற்றுக்குப் போட்டியாக டெல்கோ 1986இல் கொண்டு வந்தது இந்த 407. அந்த நான்கில் சில பெயர்கள் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. 407 மட்டும் மண்டி வாசலில் நின்றுகொண்டே இருந்தது. காரணம், மின்னணுப் பெட்டி எதுவும் இல்லாத எளிய டீசல் என்ஜின். எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்து மாட்டலாம். இந்த எளிமையை நம்பித்தான் நாமும் இருபது ஆண்டுகள் ஓட்டினோம்.

கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று டிரைவர் சொன்னதால் ஜனவரி 7, திங்கட்கிழமை நமது ஊரிலேயே பட்டறை வைத்திருந்த ஒரு தம்பியிடம் விட்டோம். கியர் பாக்ஸைக் கீழே இறக்கி, பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் மாற்றி வியாழன் மாலை ஓட்டிக்கொண்டு வந்து கோடவுன் வாசலில் நிறுத்தினார். கிளட்ச் வெண்ணெய் போல இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு டிரைவர் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் அடிக்கவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். நமக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. 'நேற்று வரை ஓடிய வண்டியைக் கெடுத்துவிட்டான்' என்ற ஒரே எண்ணம். விடிந்ததும் பஜாரில் நின்று, நாலு பேர் கேட்க, அந்தத் தம்பியை ஃபோனில் திட்டினோம். அவர், "ஐயா, பத்து நிமிஷத்துல வந்து பாக்கறேன், வேற யாரையும் கை வைக்க விடாதீங்க" என்றார். "நீ இனிமேல் இந்த வண்டியைத் தொடாதே" என்று சொல்லி வைத்தோம். வாய் அத்துடன் நிற்கவில்லை. அவரிடம் வண்டி விடாதீர்கள் என்று கடைக்கு வந்த வியாபாரிகளிடமும் சொன்னோம்.

பிறகு நாமே வைத்தியர் ஆனோம். 'பேட்டரி போயிருக்கும்' என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். ஏழாயிரத்துச் சொச்சத்துக்குப் புதுப் பேட்டரி வந்தது. மாட்டினோம். அதே 'டக்'. இந்த நேரத்தில் டிரைவர் ஒன்று சொன்னார்: "முதலாளி, செல்ஃப் அடிச்சா இந்த ஸ்டாப் குமிழ் கையைச் சுடுது." என்ஜினை நிறுத்த இழுக்கும் கேபிளின் குமிழைச் சொன்னார். 'சாவியைத் திருப்புகிறதை விட்டு அதை ஏன்யா பிடிக்கிறாய்' என்று அவரையும் அதட்டினோம். அன்று நமக்குக் கிடைத்த தகவல்களில் மிகவும் விலை மதிப்புள்ளது அதுதான் என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை கோடவுன் ஆட்கள் ஆறு பேர் தள்ளினார்கள். இரண்டாம் கியரில் விட்டதும் என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் லோடு ஏற்றிய வண்டி சித்தூர் சாலையில் நின்றுவிட்டால் யார் தள்ளுவது? ஆகவே மண்டிக்கு அனுப்பாமல் திருத்தணியில் செல்ஃப் மோட்டார் பார்க்கும் கடைக்கு அனுப்பினோம். அவர்கள் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றி, மேசை மேல் வைத்து பேட்டரியைக் கொடுத்துக் காட்டினார்கள். பம்பரம் போலச் சுற்றியது. வண்டியில் மாட்டினால் மறுபடியும் 'டக்'. 'வேறு என்னவோ இருக்கிறது, பண்டிகை முடிந்து வாருங்கள்' என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கிடையே வாடகை வண்டி தேடினோம். பண்டிகை நேரத்தில் வாடகை வண்டி என்ன விலை சொல்லும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கிடைத்ததும் சிறிய வண்டி. பாதிக்கும் குறைவான வெல்லம்தான் வந்தது. சொன்ன கடைகளுக்கெல்லாம் மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுத்தோம். நம்மை நம்பி வேறு எங்கும் சொல்லி வைக்காத ஒரு சிறு கடைக்கார அம்மாள், போகிக்கு முதல் நாள் மாலை நம் வாசலில் வந்து நின்று, "நீங்க சொன்னீங்கன்னுதானே அண்ணா நான் சும்மா இருந்துட்டேன்" என்றார். முப்பத்தைந்து ஆண்டு வியாபாரத்தில் ரொக்க நஷ்டம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நம்மிடம் பதில் இல்லை. பொங்கல் கழிந்து வந்து சேர்ந்த மீதி வெல்லம் மாசி வரை கோடவுனில் கிடந்து கசிந்தது தனிக் கதை.

போகி அன்று காலை, அரசுப் பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வெல்லம் வாங்க வந்தார். இல்லை என்றோம். ஏன் என்று கேட்டார். சொன்னோம். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். கடைசியாக என்ன வேலை செய்தார்கள்? செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறதா? தள்ளினால் கிளம்புகிறதா? கிளட்ச் வேலை, லைட் மங்கவில்லை, தள்ளினால் உடனே கிளம்புகிறது என்றதும் சிரித்துவிட்டார். ஒரு ஜம்பர் கேபிள் வாங்கி வரச் சொன்னார். வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தார். கேபிளின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ்விலும் மறு முனையை என்ஜினின் வெறும் இரும்பிலும் பிடித்துவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். முதல் சுற்றிலேயே வண்டி கிளம்பியது.

கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து சேஸிஸுக்குப் போக வேண்டிய எர்த் பட்டை ஒரு பக்கம் மட்டும் மாட்டப்பட்டு, மறு பக்கம் பாம்பு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கியர் பாக்ஸை இறக்கும்போது கழற்றியிருக்கிறார்கள். ஏற்றும்போது போல்ட் போட மறந்துவிட்டார்கள். ஒரு போல்ட்டும் உப்புத் தாளும் போதும் வேலை. தேய்த்து, முடுக்கி, பத்து நிமிடத்தில் முடிந்தது.

பெரியவர் விளக்கியதை நமக்குப் புரிந்த வரை எழுதுகிறோம். பேட்டரியிலிருந்து மின்சாரம் தடித்த ஒயர் வழியாக செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. போனது திரும்பி வர வேண்டும் அல்லவா? கடன் கொடுத்த சரக்குக்குப் பணம் திரும்பி வருவது போலத்தான். செல்ஃப் மோட்டார் என்ஜினோடு முடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் என்ஜின் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. ஆகவே என்ஜினையும் சேஸிஸையும் இணைக்க ஒரு செம்புப் பட்டை வைத்திருக்கிறார்கள். டீசல் வண்டியின் செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். பட்டை இல்லாவிட்டால் அவ்வளவு மின்சாரமும் கிடைத்த சந்து பொந்துகளில் திரும்பப் பார்க்கும். ஸ்டாப் கேபிள் என்ஜினில் தொடங்கி டேஷ்போர்டில் முடிகிறது அல்லவா, அதன் மெல்லிய கம்பி வழியாகப் போகப் பார்த்தது. அதனால்தான் குமிழ் சுட்டது. இன்னும் நாலு முறை விடாமல் அடித்திருந்தால் கேபிள் தீய்ந்து வண்டிக்கே தீங்கு வந்திருக்கும் என்றார். ஹெட்லைட்டும் ஹாரனும் சேஸிஸில் நேராக எர்த் ஆகியிருப்பதால் அவை ஜோராக வேலை செய்தன. மேசை மேல் மோட்டார் சுற்றியதும் இதனால்தான். அங்கே எர்த் நேராகக் கிடைத்தது.

அதாவது விடை நான்கு முறை நம் கண் முன்னால் வந்து நின்றது. ஹெட்லைட் சொன்னது, குமிழ் சொன்னது, தள்ளிக் கிளம்பியது சொன்னது, மேசை மேல் சுற்றிய மோட்டார் சொன்னது. நாம் கேட்கவில்லை.

நிற்க. ரிப்பேருக்குப் பின் கிளம்பாத வண்டி விஷயத்தில் நமது கருத்து இதுதான். கெட்டுப்போன பொருளைத் தேடுவதற்கு முன், கடைசியாகக் கை பட்ட இடத்தைத் தேட வேண்டும். ஒரு வேலைக்காகப் பத்து போல்ட்டைக் கழற்றுகிறவர் ஒன்றை மறக்கலாம். நம் கணக்குப் பிள்ளைகள் ஒரு சிட்டையை மறப்பதில்லையா? முந்தின நாள் வரை நன்றாக இருந்த பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் அதே இரவில் தானாகச் சேர்ந்து கெட்டுப்போவது அபூர்வம். கியர் பாக்ஸ் இறக்கிய வேலை என்றால் எர்த் பட்டை, செல்ஃப் மோட்டார் ஒயர், அதன் முடுக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டீசல் ஃபில்டர் மாற்றிய வேலை என்றால் லைனில் காற்று. வெல்டிங் வைத்தார்கள் என்றால் அதற்காகக் கழற்றிய பேட்டரி முனை. சர்வீஸ் என்றால் ஸ்டாப் கேபிள் முழுவதும் உள்ளே திரும்பியிருக்கிறதா என்பது. இந்தக் கடைசியானது வேடிக்கையாகத் தோன்றும். பழைய டீசல் வண்டியில் அந்தக் கேபிள் பாதியில் சிக்கி நின்றால் பம்ப் டீசலே விடாது; செல்ஃப் எத்தனை சுற்று சுற்றினாலும் பலன் இல்லை.

பார்க்க வேண்டிய முறையும் கடினமானதல்ல. செல்ஃப் சுற்றுகிறதா, சுற்றவில்லையா என்பதுதான் முதல் கேள்வி. சுற்றவில்லை என்றால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அணையும் அளவுக்கு மங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது பேட்டரி முனையில் பச்சை பூத்துப் பிடிப்பு இல்லை. வெளிச்சம் அசையவே இல்லை என்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை, அல்லது போய்த் திரும்பவில்லை. கையில் ஒரு மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகடிவ்வுக்கும் என்ஜின் இரும்புக்கும் இடையே வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சில நூறு ரூபாய் மீட்டர் நமக்கு அன்று பத்தாயிரத்துக்கு மேல் மிச்சப்படுத்தியிருக்கும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை என்றால் விஷயம் டீசலில் இருக்கிறது. ஒருவர் பின்னால் போய் சைலன்சரைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது. புகையே இல்லை என்றால் போகவில்லை. அப்போது ஃபில்டர் மேலுள்ள ஏர் போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்ட் பம்ப்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை காற்றை எடுத்துவிட்டு முடுக்க வேண்டும். இதை நம் டிரைவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அறிந்திருந்தார்கள். இப்போதுள்ள பிள்ளைகளில் பலருக்குத் தெரியவில்லை. தெரியாதது அவர்கள் குற்றமும் அல்ல. சிலர் ஏர் ஃபில்டரில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டிக் கிளப்புகிறார்கள். என்ஜினும் முகமும் ஒன்றாகப் போகும் வழி அது. விடாமல் செல்ஃப் அடிப்பதும் தவறு. பத்துப் பதினைந்து விநாடி அடித்தால் ஒரு நிமிடமாவது ஆற விட வேண்டும்.

'இந்தத் தொல்லை எதற்கு, பழையதைத் தள்ளிவிட்டுக் கடனில் புதிது எடுத்துவிடலாமே' என்று நம் சங்க நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 15 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2022 ஏப்ரல் முதல் எஃப்.சி. கட்டணம் ஏறியபோது நாமும் கணக்குப் போட்டுப் பார்த்து அந்த 407ஐக் கொடுத்துவிட்டோம். ஆனால் வாரத்துக்கு இரண்டு நடை மட்டும் போகிற சிறு வியாபாரிக்கு மாதத் தவணை என்பது வாசலில் கட்டிய யானை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகள் நின்றுவிட்டால் மடிக்கணினி கொண்டு வந்து சொருகிப் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறை அதற்குத் தயாராக இல்லை. தவிர, புது வண்டியிலும் எர்த் பட்டை இருக்கிறது. அதையும் ஒருவர் மறக்கலாம்.

மறதியைக் குறைக்கச் சில பழக்கங்கள் பிறகு ஏற்படுத்திக்கொண்டோம். வண்டியைப் பட்டறையில் விடும்போது டிரைவர் கூடவே இருந்து, கழற்றுவதற்கு முன் தம் கைபேசியில் நாலு படம் எடுத்து வைக்கிறார். வேலை முடிந்ததும் என்ஜின் சூட்டில் ஒரு முறை, ஆறிய பின் ஒரு முறை கிளப்பிப் பார்த்த பிறகே பணம். பட்டறைக்காரரே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் போவதை ஏற்பதில்லை. (நமது விஷயத்தில் அவர் கடையிலிருந்து வண்டியைத் தள்ளித்தான் கிளப்பியிருக்கிறார், பேட்டரி இறங்கியிருக்கும் என்று நினைத்துவிட்டாராம். இதை அவர் நம்மிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தவறு அவருடையதே.) என்ன வேலை, என்ன சாமான் என்று ஒரு தாளில் எழுதி வாங்குகிறோம். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் பெரிய வேலை எதற்கும் வண்டியைப் பிரிப்பதில்லை. கிளட்ச் தேய்ந்தது கார்த்திகையிலேயே தெரியும். தை வரை இழுத்தது யார் தவறு என்று கேட்டால், எழுதுகிறவரின் தவறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் வேலை செய்தவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். எந்த போல்ட்டைக் கழற்றினோம் என்பது அவருடைய கைக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றவரை நாம் வர விட்டிருந்தால் வெள்ளிக்கிழமை 8 மணிக்கு வண்டி சித்தூர் சாலையில் இருந்திருக்கும். வேறு ஆள் கை வைத்துவிட்டால் பிறகு எது யார் செய்த தவறு என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. பட்டறைக்காரரிடம் நஷ்டம் கேட்கும் வாயும் நமக்கு அடைபட்டுப் போகிறது.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆடி மாதம் நமக்கு வியாபாரம் மந்தம். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் உறுப்பினர்களின் டிரைவர்களை அழைத்து, ஓய்வு பெற்ற பணிமனைக்காரர் ஒருவரைக் கொண்டு மேற்கண்ட சோதனைகளை வண்டியிலேயே செய்து காட்டச் சொல்லலாம். ஒரு மீட்டரும் ஒரு ஜோடி ஜம்பர் கேபிளும் சங்கக் கட்டடத்தில் இருக்கட்டும். யாருக்கு வேண்டுமோ கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும். கேபிள் ஜோடிக்கான செலவை நாம் ஏற்கிறோம்.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொங்கல் முடிந்து அவரைப் பார்க்கப் போனோம். அவர் மறந்ததை ஒப்புக்கொண்டார்; வருத்தம் தெரிவித்தார். நாமும் தனியாக வருத்தம் தெரிவித்தோம். ஆனால் பஜாரில் சொன்ன சொல்லைப் பஜாரில் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நம் பேச்சைக் கேட்டு வண்டியை நிறுத்திக்கொண்ட இருவர் அவரிடம் திரும்பப் போகவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அவர் இரண்டு ஆண்டில் பட்டறையை மூடிவிட்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டார். நம்மால்தான் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை; ஊரடங்குக் காலத்தில் எத்தனையோ பட்டறைகளுக்கு வேலை இல்லாமல் போனது. இப்போது நம் ஊரில் கிளட்ச் வேலை என்றால் வண்டியைத் திருத்தணிக்கு அனுப்புகிறோம். அவர் வேலை சுத்தமாகச் செய்யக்கூடியவர், ஒரு போல்ட்டை மறந்தார், அவ்வளவுதான் என்பதை அன்று கேட்டவர்களில் இதழை வாசிப்பவர்கள் இங்கே வாசித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.